செரோட்டோனின் கதை தவறென்றால் மாத்திரையை விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. மூன்று வருடத்துக்கு முன் ஆட்குறைப்பில் வேலை போயிற்று. அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் அம்மா இறந்துவிட்டார். தினமும் ராத்திரி அம்மாவிடம் போனில் பேசிவிட்டுத்தான் படுப்பாராம். அதற்கப்புறம் தூக்கம் போய், பசி போய், காலையில் எழுந்து குளிப்பதே முடியாத காரியமாகிவிட்டது. மருத்துவரிடம் போனார். ஒன்பது கேள்விகள் இருந்த தாளில் டிக் அடிக்கச் சொன்னார்கள். பத்து நிமிடத்துக்குள், "உங்கள் மூளையில் செரோட்டோனின் குறைந்துவிட்டது, சர்க்கரைக்கு இன்சுலின் மாதிரி உங்களுக்கு இது" என்று எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார் டாக்டர். (மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று செரோட்டோனின்.) ஆறேழு வாரத்தில் தூக்கம் திரும்பியது, எழுந்து நடமாட முடிந்தது. இரண்டரை வருடமாகச் சாப்பிட்டு வருகிறார்.

இப்போது என்ன பிரச்சினை என்றால், அழுகையே வருவதில்லை. நெருங்கிய தோழியின் சாவு வீட்டில் "எல்லாரும் அழுதார்கள், நான் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்" என்கிறார். தாம்பத்தியத்தில் நாட்டமே போய்விட்டது. இந்த நேரத்தில்தான் செரோட்டோனின் விளக்கத்துக்கு ஆதாரமே இல்லை என்று எங்கேயோ படித்திருக்கிறார். ஆத்திரத்தில் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் உள்ளே ஷாக் அடித்தது போல ஒரு வெட்டு, தலைசுற்றல், காரணமில்லாத எரிச்சல். ஐந்தாம் நாள் பயந்து மறுபடியும் போட்டுக்கொண்டார். அடுத்த நாளே எல்லாம் நின்றுவிட்டது. போனில் கேட்டதற்கு டாக்டர், "பார்த்தீர்களா, நோய் திரும்பிவிட்டது, ஆயுசுக்கும் சாப்பிட வேண்டியதுதான்" என்றிருக்கிறார். கணவரோ, "எல்லாம் மனசுதான், நீ நினைத்தால் விட்டுவிடலாம்" என்கிறார். என்னை ஏமாற்றினார்களா, நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா, நிறுத்தலாமா என்று கேட்கிறார்.

உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் கடிதத்தில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் சரியா என்பது ஒன்று. மாத்திரையால் பலன் உண்டா என்பது இன்னொன்று. நீங்கள், இந்த நிலைமையில், நிறுத்தலாமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு "இல்லை" என்று பதில் தெரிந்ததும் மற்ற இரண்டுக்கும் அதே பதிலைப் போட்டுவிட்டீர்கள். உங்கள் டாக்டரும் இதே தப்பைத்தான் தலைகீழாகச் செய்திருக்கிறார். மாத்திரை வேலை செய்தது, ஆகவே செரோட்டோனின் குறைவுதான் காரணம், ஆகவே ஆயுசுக்கும் மாத்திரை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

உங்களிடம் சொன்னது பொய்யா?

சர்க்கரை நோயில் ரத்தத்தைச் சோதித்து அளவைச் சொல்கிறோம், அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். உங்கள் செரோட்டோனினை யாராவது அளந்தார்களா? அளந்திருக்க முடியாது. ஒருவருடைய மூளையில் செரோட்டோனின் இவ்வளவு இருக்கிறது, இவ்வளவு போதவில்லை என்று சொல்கிற பரிசோதனை எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. நீங்கள் டிக் அடித்த தாள் பெரும்பாலும் பிஎச்கியூ-9 என்கிற கேள்வித்தாளாக இருக்கும், 0 முதல் 27 வரை மதிப்பெண் வரும். எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்பதை அது ஓரளவு காட்டும். ஏன் கஷ்டப்படுகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

இந்தச் செரோட்டோனின் கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் கோபம் கொஞ்சம் சரியான திசைக்குப் போகும். 1950களின் தொடக்கத்தில் காசநோய்க்காக ஐப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, நோயாளிகளில் சிலர் வழக்கத்துக்கு மாறான உற்சாகத்தோடு இருந்தார்கள். நோர்அட்ரினலின், செரோட்டோனின் போன்ற வேதிப்பொருட்களைச் சிதைக்கும் ஒரு நொதியை அந்த மருந்து தடுக்கிறது என்று தெரிந்தது. உடனே பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். இவற்றைக் கூட்டினால் மனம் தேறுகிறது என்றால், இவை குறைவதால்தான் மனச்சோர்வு வந்திருக்க வேண்டும். 1965ல் ஜோசப் ஷில்ட்க்ராட் நோர்அட்ரினலினை முன்வைத்தார், 1967ல் அலெக் காப்பன் செரோட்டோனினை. மிகச் சிக்கலான ஒன்றை அளவுக்கு மீறி எளிமையாக்குகிற விளக்கம் இது என்று ஷில்ட்க்ராட்டே தன் கட்டுரையில் எழுதி வைத்திருந்தார். அந்த எச்சரிக்கையை யார் படித்தார்கள்? 1987 டிசம்பரில் செரோட்டோனினைக் குறிவைக்கும் ஃப்ளூவாக்செடின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்து, அதே வகை மருந்துகள் வரிசையாக வந்து, விளம்பரங்களும் சூடு பிடித்த பிறகு, நிரூபணமாகாத ஒரு யூகம் "கெமிக்கல் இம்பேலன்ஸ்" என்ற பெயரில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை ஆகிவிட்டது.

பொருந்தாத விஷயங்கள் ஆரம்பத்திலிருந்தே கண்முன்னால் இருந்தன. மாத்திரை செரோட்டோனின் விஷயத்தில் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது, மனம் தேற வாரங்கள் ஆகின்றன. செரோட்டோனின் தயாரிக்க உடம்புக்குத் தேவையான ட்ரிப்டோஃபான் என்ற பொருளைச் செயற்கையாகக் குறைத்துப் பார்த்தார்கள், மனச்சோர்வு வந்தே இராத ஆரோக்கியமானவர்களுக்குப் பொதுவாக மனம் சரியவில்லை. 2022ல் ஜோன்னா மான்கிரீஃப்பும் சக ஆய்வாளர்களும் இந்த வகை ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்து, குறைந்த செரோட்டோனினால் மனச்சோர்வு வருகிறது என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். நீங்கள் படித்தது அதைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதற்குக் காட்டமான மறுப்புகளும் வந்தன. ஆய்வுகளைச் சேர்த்த விதம் சரியில்லை, செரோட்டோனினுக்குப் பங்கே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது என்றார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் மறுத்தவர்களும் "குறைந்துவிட்டது, நிரப்புகிறோம்" என்ற எளிய கதைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

உங்கள் டாக்டர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவரை மருந்துக்குச் சம்மதிக்க வைக்க இதைவிட வசதியான வாக்கியம் கிடைக்காது. "இது உங்கள் தப்பில்லை" என்று ஆறுதல் சொல்கிற நல்லெண்ணமும் அதில் உண்டு. கெடுதல் வேறு இடத்தில் நேர்கிறது. குறை மூளையில் நிரந்தரமாக இருக்கிறது என்று நம்பியதும் மருந்தும் நிரந்தரமாகிவிடுகிறது, வேலை போனதும் அம்மா போனதும் பேச்சிலேயே வராமல் போய்விடுகின்றன. உங்களிடம் அம்மாவைப் பற்றி அந்த அறையில் யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, செரோட்டோனின் விவகாரத்தைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது.

லண்டன் பெண்களிடையே நடத்திய ஆய்வை ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978ல் வெளியிட்டார்கள். பெரிய இழப்பு ஒன்று வரும்போது யார் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று பார்த்ததில், மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாதது, வீட்டுக்கு வெளியே வேலை இல்லாதது இரண்டும் முக்கியமான காரணங்களாக வந்தன. உங்களுக்கு அந்த நெருக்கமான ஆள் அம்மா. சில மாத இடைவெளியில் இரண்டையும் இழந்திருக்கிறீர்கள். இதைக் கேட்ட பிறகும் ரசாயனத்தில் காரணம் தேடித்தான் ஆக வேண்டுமா?

அதற்காக உடம்புக்குச் சம்பந்தமே இல்லை என்று மறுகோடிக்கும் ஓட வேண்டாம். இரட்டையர் ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று (2000) மனச்சோர்வில் பரம்பரையின் பங்கைச் சுமார் 37 சதவீதம் என்று கணக்கிட்டது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு எல்லாம் மனச்சோர்வு போலவே வேஷம் போடும். உங்கள் கடிதத்தில் ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. தைராய்டு பார்க்கவே இல்லை என்றால், மாத்திரையைக் குறைப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள்.

அப்போ மாத்திரை வேலை செய்ததா?

எப்படி வேலை செய்கிறது என்று சரியாகத் தெரியாமலே ஒரு மருந்து வேலை செய்வது மருத்துவத்தில் அதிசயமில்லை. பலன் உண்டா என்று சோதிக்கக் காரணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியினருக்கு மருந்தும் மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும், யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தால் போதும். அப்படிச் செய்த ஆய்வுகளின் பெரிய தொகுப்பு 2018ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆண்ட்ரியா சிப்ரியானி குழுவினர் 21 மருந்துகள், 522 ஆய்வுகள், 1,16,477 பேர் என்று எடுத்துப் பார்த்தார்கள். 21 மருந்துகளுமே வெற்று மாத்திரையை மிஞ்சின, உங்களுடைய எஸ்சிடாலோபிராமும் சேர்த்து.

எவ்வளவு மிஞ்சின என்று கேட்டால்தான் சங்கடம். இப்படிப்பட்ட ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நன்றாகத் தேறுகிறார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் 35 முதல் 40 சதவீதம் பேர் தேறிவிடுகிறார்கள். அதாவது ஏழெட்டுப் பேருக்கு மருந்து கொடுத்தால், மருந்தினாலேயே தேறினார் என்று சொல்லக்கூடியவர் ஒருவர். இர்விங் கிர்ஷ் 2008ல் வெளியிட்ட கணக்கில், மனச்சோர்வின் கடுமையை அளக்கும், 52 வரை போகிற ஹாமில்டன் அளவுகோலில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் இடையே சராசரி வித்தியாசம் 1.8 புள்ளிதான். அதே வருடம் எரிக் டர்னர் குழு இன்னொரு குட்டை உடைத்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளில் சாதகமானவை 38. அவற்றில் 37 அச்சில் வந்தன. சாதகமில்லாத அல்லது சந்தேகத்துக்குரிய 36ல் 22 அச்சேறவே இல்லை, 11 சாதகம் போலத் தோன்றும்படி எழுதப்பட்டன, உள்ளது உள்ளபடி வந்தவை மூன்றே மூன்று. டாக்டர்கள் படித்ததெல்லாம் அச்சில் வந்ததைத்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோபத்தில் ஒரு பங்கை இங்கே கொண்டுவந்து வைக்கலாம்.

ஆனால் சராசரி வேறு, நீங்கள் வேறு. 2010ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், லேசான மனச்சோர்வில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசமே தெரியவில்லை, மிகக் கடுமையானதில் நன்றாகவே தெரிந்தது. பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு டாக்டர்களுக்குத் தரும் வழிகாட்டுதலும் 2022 முதல், கடுமை குறைந்த மனச்சோர்வுக்கு, நோயாளியே விரும்பிக் கேட்டாலொழிய மருந்தை முதல் சிகிச்சையாக வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. தூக்கமும் பசியும் போய்க் குளிக்கக்கூட முடியாமல் கிடந்தது லேசான நிலை இல்லை. நீங்கள் தேறியது மாத்திரையாலா, நாள் போனதாலா, "இது சரியாகிவிடும்" என்று ஒருவர் உறுதியாகச் சொன்னதாலா? உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஓரிடத்தில் "அந்த மாத்திரை இல்லாவிட்டால் நான் இருந்திருக்கவே மாட்டேன்" என்றும், மூன்று பக்கம் தள்ளி "எல்லாமே பித்தலாட்டம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் எதையும் இப்போதைக்கு அடித்துவிட வேண்டாம்.

நாற்காலிகளை எண்ணியதற்கு வருகிறேன். கல்நெஞ்சுக்காரி ஆகிவிட்டதாக உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள். இந்த வகை மருந்து சாப்பிடுகிறவர்களைக் கேட்டால், பாதிக்கு நெருக்கமானவர்கள் ஏதோ ஓர் அளவில் உணர்ச்சி மழுங்கிப் போனதாகச் சொல்கிறார்கள். கேட்டால்தான் சொல்வார்கள், டாக்டர்களான நாங்கள் கேட்பதும் குறைவு. மனச்சோர்வே முழுதாக விலகாமல் இருந்தாலும் இப்படி இருக்கும் என்பதால் முழுப் பழியையும் மாத்திரை மேல் போட மாட்டேன். ஆனால் துக்கம், சந்தோஷம் இரண்டுமே சேர்ந்து மங்கியதாகவும், வேறு எல்லாம் நன்றாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் எனக்குச் சந்தேகம் மாத்திரை மேல்தான். டோஸைக் குறைத்தாலே பலருக்கு இது மாறும். தாம்பத்திய நாட்டம் போனதும் நன்றாகத் தெரிந்த பக்க விளைவுதான். நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. சிலருக்கு நிறுத்திய பிறகும் நீடிக்கிறது என்பதால், மருந்தோடு வரும் குறிப்பில் அந்த எச்சரிக்கையைச் சேர்க்கும்படி 2019ல் ஐரோப்பிய மருந்து முகமை சொன்னது. ஆரம்பத்திலேயே உங்களிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். பலனையும் கெடுதலையும் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதிப்பதற்கும், வேண்டாம் என்று மறுப்பதற்கும், மாற்று வழி என்ன என்று கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாம் நாள் அடித்த ஷாக்

இதில் உங்கள் டாக்டர் சொன்னதை ஏற்க மாட்டேன். மனச்சோர்வு திரும்புவதாக இருந்தால் பொதுவாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். பழைய அறிகுறிகளோடு வரும், அதாவது உங்களுக்குத் தூக்கமும் பசியும் முதலில் போகும். தலைக்குள் ஷாக் அடிப்பது மனச்சோர்வின் அறிகுறியே இல்லை. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போது வெட்டுவது, தலைசுற்றல், குமட்டல், பயங்கரமான கனவுகள், சுள்ளென்ற எரிச்சல், காரணமில்லாத அழுகை, இவையெல்லாம் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வருபவை. மாத்திரையைப் போட்ட அடுத்த நாளே நின்றுவிட்டது என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தடயம். நோய் திரும்பியிருந்தால் இந்த மாத்திரையால் ஒரே நாளில் சரிசெய்திருக்க முடியாது, முதல் தடவை ஆறேழு வாரம் ஆயிற்றே!

எஸ்சிடாலோபிராம் உடம்பில் பாதியாகக் குறைய 30 மணி நேரம் போல ஆகும், அதனால்தான் இரண்டு மூன்று நாள் கழித்து ஆரம்பித்தது. வென்லாஃபாக்சின், பராக்செடின் என்ற வேறு மனச்சோர்வு மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரமாக, கடுமையாக வரலாம். ஃப்ளூவாக்செடின் நாள்கணக்கில் உடம்பில் தங்குவதால் குறைவாக வரும். எத்தனை பேருக்கு வருகிறது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 2024ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேரும் வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களில் 17 சதவீதம் பேரும் ஏதாவது ஓர் அறிகுறியைச் சொன்னார்கள், கடுமையாக வந்தது சுமார் 35 பேரில் ஒருவருக்கு. ஆனால் அதில் இருந்த பல ஆய்வுகள் குறுகிய காலமே மருந்து எடுத்தவர்களைப் பற்றியவை. உங்களைப் போல வருடக்கணக்கில் எடுத்தவர்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

அடிமையா என்றால், இல்லை. மாத்திரைக்காக மனம் ஏங்கவில்லை, ஒன்று போதாமல் இரண்டு மூன்று என்று ஏற்றிக்கொண்டு போகவில்லை. ஆனால் உடம்பு அதற்குப் பழகிவிட்டது, சட்டென்று எடுத்தால் எதிர்ப்புக் காட்டுகிறது. "இதெல்லாம் பழக்கமே ஆகாத மருந்து" என்று சொல்லிக் கொடுப்பதும் நேர்மையில்லைதான்.

நிறுத்தலாமா?

இங்கே நான் ஒன்றைக் கவனித்தேன். கடைசிப் பக்கத்தில், முடிப்பதற்குச் சற்று முன்னால், இரண்டே வரியில் எழுதியிருக்கிறீர்கள்: கல்லூரியில் படிக்கும்போது ஒரு வருடம் இதே மாதிரி கிடந்தேன், செத்துப்போகலாம் என்றுகூடத் தோன்றியது, தானாகவே சரியாகிவிட்டது. ஏதோ சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும் என்று போகிற போக்கில் சேர்த்த மாதிரி இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை கடிதத்திலேயே அதுதான் முக்கியமான வரி. இது உங்களுக்கு முதல் தடவை இல்லை என்று ஆகிறது. எத்தனை முறை வந்திருக்கிறதோ அந்த அளவுக்குத் திரும்பி வரும் வாய்ப்பு கூடும். இதை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பிரிட்டனில் ஆன்ட்லர் என்ற ஆய்வு 2021ல் வெளிவந்தது. நீண்ட காலம் மருந்து எடுத்து, இப்போது நன்றாக இருக்கிற, நிறுத்தலாமா என்று யோசிக்கிற 478 பேர், அதாவது உங்களைப் போன்றவர்கள். பாதிப் பேருக்கு மருந்து தொடர்ந்தது, மீதிப் பேருக்கு அவர்களுக்கே தெரியாமல் படிப்படியாக வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு. நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது, அதை மறைக்க முடியாது. ஆனால் நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேர் அந்த வருடத்தைத் தாண்டிவிட்டார்கள், மருந்தைத் தொடர்ந்தும் 39 சதவீதம் பேர் மறுபடி விழுந்தார்கள். ஆயுசுக்கும் சாப்பிடத்தான் வேண்டும் என்று சொல்வதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட நம்பிக்கை தருகிறது. 2015ல் வந்த அதில், மூன்று தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்த 424 பேர். ஒரு குழுவினர் மருந்தைத் தொடர்ந்தார்கள். இன்னொரு குழுவினர் எட்டு வாரம் கவனத் தியானமும் சிந்தனைப் பயிற்சியும் சேர்ந்த வகுப்புக்குப் போய், கூடவே மருந்தையும் குறைத்தார்கள். இரண்டு வருடத்தில் திரும்ப வந்தது முதல் குழுவில் 47 சதவீதம், இரண்டாவதில் 44. வெறுமனே நிறுத்துவதற்கும், அந்த இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டு நிறுத்துவதற்கும் உள்ள தூரம் இதுதான் என்று நினைக்கிறேன். தியானம் ஒத்துவராவிட்டால் விடுங்கள். நின்றுபோன வேலைகளை ஒரு கால அட்டவணை போட்டுச் சின்னச் சின்னதாகத் திரும்பத் தொடங்கவைக்கிற சிகிச்சை இருக்கிறது, 2016ல் 440 பேரை வைத்துச் செய்த ஆய்வில் அது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற, பெயர் பெற்ற சிபிடி என்ற பேச்சு சிகிச்சைக்குக் குறைவில்லாமல் நின்றது. நடை, ஓட்டம், யோகா, எடைப் பயிற்சி எல்லாவற்றுக்கும் ஆதாரம் உண்டு. உங்கள் விஷயத்தில் அம்மாவின் சாவைப் பற்றி ஒருவரிடம் உட்கார்ந்து பேசுவதை நான் இந்த எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

ஆக என் கருத்து: குறைக்க முயற்சி செய்வது நியாயமான முடிவு, ஆனால் இந்த மாதமே வேண்டாம். பேச ஒரு ஆலோசகர் கிடைத்து இரண்டு மாதம் போன பிறகு. அம்மாவின் நினைவு நாள், புது வேலையில் சேர்வது மாதிரியான நாட்களை ஒட்டி ஆரம்பிக்காதீர்கள். கர்ப்பத்துக்கான யோசனை இருந்தால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, வாழ்க்கையில் எப்போதாவது தொடர்ந்து சில நாட்கள் தூக்கமே இல்லாமல் அசாத்தியத் தெம்போடு, பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் இருந்ததுண்டா? உண்டு என்றால் இது வேறு நோயாக இருக்கலாம், நான் மேலே எழுதியதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

எப்படிக் குறைப்பது

பத்திலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து பூஜ்யம் என்றுதான் எல்லாரும் இறங்குகிறார்கள். கடைசிப் படிதான் ஆளை விழுத்தாட்டுகிறது. காரணம், டோஸும் மூளையில் அதன் தாக்கமும் ஒரே விகிதத்தில் இறங்குவதில்லை. எஸ்சிடாலோபிராமின் தாய் மருந்தான சிடாலோபிராமை எடுத்துக்கொண்டால், 20 மில்லிகிராம் எடுக்கும்போது மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களில் சுமார் 80 சதவீதம் நிரம்புகிறது. டோஸை 5 மில்லிகிராம் அளவுக்கு, அதாவது கால்வாசிக்குக் குறைத்தாலும் ஏறக்குறைய 60 சதவீதம் நிரம்பியே இருக்கிறது. கடைசி அந்தக் கொஞ்சத்தை எடுக்கும்போதுதான் அறுபதிலிருந்து பூஜ்யத்துக்கு விழுகிறீர்கள். இதை மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019ல் தெளிவாக எழுதிய பிறகுதான் வழிகாட்டுதல்கள் மாறத் தொடங்கின.

அதனால் முதல் படி பெரியதாக இருக்கலாம், போகப் போகச் சின்னதாக வேண்டும். பத்து, ஏழரை, ஐந்து, இரண்டரை, அதற்குக் கீழே இன்னும் இரண்டு மூன்று படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம், தொந்தரவு அடங்கிய பிறகே அடுத்தது. மாத்திரையை உடைத்து இரண்டரைக்குக் கீழே போக முடியாது, துண்டு தூளாகிவிடும். இந்த மருந்து சொட்டாகவும் திரவமாகவும் வருகிறது, எல்லா இடத்திலும் கிடைக்காது, டாக்டர் எழுதிக் கொடுத்தால் வரவழைக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக் குறைப்பது வேண்டாம், உடம்பில் மருந்து ஏறி இறங்கி அதே ஷாக்கை வரவழைக்கும். ஒரு படியில் தாங்க முடியவில்லை என்றால் முந்தைய டோஸுக்குத் திரும்பி, அடுத்த முறை பாதி அளவு இறங்குங்கள். ஆறு மாதம் ஆகட்டும், ஒரு வருடம்கூட ஆகட்டும். இரண்டரையிலேயே நின்று நன்றாக இருந்து, அழுகையும் சிரிப்பும் திரும்பிவிட்டால் அங்கேயே தங்குவதிலும் தப்பில்லை. இடையில் மனதுக்கு நல்லது என்று யாராவது மூலிகை மாத்திரை சிபாரிசு செய்தால் கேட்காமல் போடாதீர்கள். முக்கியமாக செயின்ட் ஜான்ஸ் வோர்ட் இந்த மருந்தோடு சேரக் கூடாது.

டாக்டரும் கணவரும்

டாக்டர் கோபப்படுவார் என்று பயப்படுகிறீர்கள். "செரோட்டோனின் எல்லாம் பொய்யாமே" என்று ஆரம்பித்தால் கோபம் வரத்தான் செய்யும், விவாதம் அங்கேயே நின்றுவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: எனக்கு உணர்ச்சி மழுங்கியிருக்கிறது, மெதுவாகக் குறைத்துப் பார்க்க விரும்புகிறேன், போன தடவை மூன்றாம் நாளே ஷாக் அடித்தது, சொட்டு மருந்தாக எழுதித் தர முடியுமா. கல்லூரிக் கால விஷயத்தையும் அன்றைக்கே சொல்லுங்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டும் "ஆயுசுக்கும்" என்றே சொன்னால், மருத்துவக் குறிப்புகளின் நகலை வாங்கிக்கொண்டு இன்னொருவரைப் பாருங்கள், அதில் நன்றிகெட்டதனம் ஒன்றும் இல்லை.

கணவர் சொல்வது பாதி சரி, பாதி ஆபத்து. மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் நினைத்தால் விட்டுவிடலாம் என்றால் அந்த ஐந்து நாளும் நீங்கள் என்ன, நினைக்காமலா இருந்தீர்கள்? அவர் மேல் கோபப்படுவதைவிட ஒரு வேலை கொடுங்கள். நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள், போனை எடுக்காமல் தவிர்க்கிறீர்களா, இதெல்லாம் உங்களுக்கு முன்னால் அவர் கண்ணில்தான் படும். வாரம் ஒரு நாள் உட்கார்ந்து இருவரும் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

அந்தக் குறிப்பில் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கமும் பசியும் சரிந்தால், குறைப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். உட்கார முடியாத, நிற்க முடியாத தவிப்பு உடம்பெல்லாம் ஓடினால் அன்றைக்கே பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எந்த நேரத்தில், எவ்வளவு லேசாக வந்தாலும் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். கணவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உங்கள் பகுதியின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இப்போது, இதைப் படிக்கும்போதே அப்படி ஓர் எண்ணம் இருக்கிறது என்றால் மாத்திரையில் கை வைக்காதீர்கள், இன்றைக்கே போய் ஒருவரைப் பாருங்கள், குறைக்கிற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.